ஜென்டில்

"இது ஜென்டில்ஸ், தொட்டுப் பாருங்க" என்றார் பெரியவர்.

ரெடிங் பக்கம், தேம்ஸ் கரை. தூண்டில்காரரான அவருடைய டப்பாவில், மீனுக்கு இரையாக, மரத்தூளுக்குள் சிவப்புச் சாயம் ஏற்றிய புழுக்கள் நெளிந்தன. இறைச்சியில் முட்டையிடும் நீல ஈயின் புழுக்கள்.

கடையில் பைன்ட் கணக்கில் அளந்து தருவார்களாம். வெப்பம் பட்டால் சீக்கிரம் கூட்டுப்புழுவாகிவிடும் என்று குளிர்பெட்டியில் வைப்பார்களாம். அப்படி மாறியதற்குப் பெயர் 'காஸ்டர்'. பச்சை ஈயின் பொடிப்புழு 'பிங்கி'. எத்தனை பெயர்கள்!

17-ஆம் நூற்றாண்டில் ஐசக் வால்டன் எழுதிய தூண்டில் நூலிலேயே 'ஜென்டில்' இருக்கிறது. மென்மையானவரைச் சொல்லும் அதே சொல்.

அழுகல் இறைச்சியில் நெளிவதைப் பார்த்து முகம் சுளிக்காமல், விரலால் தொட்டுப் பார்த்த யாரோதான் இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஒன்றை உள்ளங்கையில் வாங்கினேன்.

மெத்தென்றுதான் இருந்தது.