மிச்ச இஞ்சியும் பனங்கட்டியும்: ஒரு ஜிஞ்சர் பியர் நாட்குறிப்பு

2025 ஜூலை 5, சனி

கையிருப்பு: இஞ்சி 350 கிராம், பாதி வாடிச் சுருங்கியது. பனங்கட்டி இரண்டு குட்டான், ஓலை நீக்கி 180 கிராம். வெள்ளைச் சீனி 300 கிராம். தோல் மஞ்சளாகிவிட்ட தேசிக்காய் ஆறு. கறுவா உடைசல், நாலு கராம்பு, ஒரு போத்தலின் அடியில் காய்ந்த வேப்பம்பூ. நாலு லீற்றர் ஜிஞ்சர் பியருக்கு, அதாவது இஞ்சியை நொதிக்கவைத்துச் செய்கிற சோடாவுக்கு, இது போதும்.

வாடின இஞ்சியைக் கழிக்க வேண்டாம். இஞ்சி காயக் காய அதிலுள்ள ஜிஞ்சரோல் என்ற காரப்பொருள் ஷோகாவோல் என்ற இன்னொன்றாக மாறும், காரம் கூடும். பூஞ்சணம் பிடித்த துண்டும் அமத்தினால் சொதசொதவென்று போகிற துண்டும் மட்டும் குப்பைக்கு.

முதலில் உறை, நொதித்தலைத் தொடக்கிவைக்கிற கலவை. 250 மில்லி கொதித்து ஆறிய தண்ணி, ஒரு மேசைக்கரண்டி சீனி, தோலோடு துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி. ஈஸ்ட் இருப்பது தோலில்தான். மண் போகக் கழுவினால் போதும், சீவக்கூடாது. குழாய்த் தண்ணியைக் கொதிக்க வைப்பது குளோரீன் போக. கடற்கரையோரக் கிணறு சவராக இருந்தால் அந்தத் தண்ணி வேண்டாம், உப்பு கடைசிவரை நாக்கில் நிற்கும். போத்தலின் வாயைத் துணியால் கட்டவேண்டும், இல்லாவிட்டால் பழ ஈ விழுந்து வினாகிரியாகிவிடும்.

கள்ளையே உறையாக விட்டால் என்ன என்று கேட்பார்கள். நொதிக்கும், சந்தேகமில்லை. ஆனால் கள்ளில் ஈஸ்டோடு புளிக்கவைக்கும் பற்றீரியாவும் ஏராளம். அப்பத்துக்கு அந்தப் புளிப்பு நல்லது, போத்தலுக்குள் நல்லதல்ல.

ஜூலை 6, ஞாயிறு

உறைக்கு இஞ்சி ஒரு கரண்டி, சீனி ஒரு கரண்டி. கலக்கி மூடியாயிற்று. வேறொன்றுமில்லை.

ஜூலை 7, திங்கள்

உறையில் நுரை. துருவல் மேலே மிதக்கிறது, கலக்கினால் சீறுகிறது. குளிர் நாட்டுக் குறிப்புகளில் இதற்கு ஒரு கிழமை என்று எழுதியிருக்கும். இங்கே சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் அந்தக் கணக்கு செல்லாது. மேலே வெள்ளை ஆடை படர்ந்தால் வழித்தெடுக்கலாம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறம் கண்டால் முழுதையும் ஊற்றிவிட வேண்டும். கரண்டியில் தூக்கும்போது நூல் விட்டாலும் அப்படியே: அது சீனியைப் பசையாக்கும் பற்றீரியாவின் வேலை, திருத்த முடியாது.

இன்றைக்குச் சீனிக் கணக்கு. உறைக்குப் போக மிச்சம் 250 கிராம். பனங்கட்டியில் ஈரமும் வேறு சத்துகளும் இருப்பதால் 100 கிராமை 85 கிராம் சீனியாக எடுத்தால் 180க்கு 153. மொத்தம் 403, லீற்றருக்கு ஏறக்குறைய 100 கிராம்.

இந்த எண்ணை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் சீனியை ஈஸ்ட் தின்றால் சுமார் அரைக் கிராம் காபனீரொட்சைட்டு, அரைக் கிராம் மதுசாரம். கடைச் சோடாவின் குமிழுக்கு லீற்றருக்கு 7 முதல் 8 கிராம் வாயு போதும், அதாவது 15 கிராம் சீனி. நம்மிடம் இருப்பது 100. முழுதையும் தின்னவிட்டால் 50 கிராம் வாயு; எந்தப் போத்தலும் தாங்காது. நொதித்தலைத் தக்க நேரத்தில் குளிரால் நிறுத்துவதுதான் இதில் உள்ள முழுத் தொழிலும்.

ஜூலை 8, செவ்வாய்

சட்டியில் இரண்டு லீற்றர் தண்ணி மட்டும். மற்ற இரண்டு லீற்றரும் நேற்றே கொதித்து ஆறி பிரிட்ஜில். கூரைத் தாங்கித் தண்ணி இந்த மாதம் மத்தியானத்தில் கைச்சூட்டுக்கு மேல் வரும், அதில் சட்டியை வைத்து ஆற்ற முடியாது. குளிர்ந்த பாதியை ஊற்றினால் வேலை முடிந்தது.

இஞ்சி 300 கிராமை உரலில் இடித்து இரண்டு பங்கு. ஒரு பங்கு கறுவா, கராம்புடன் 15 நிமிடம் கொதித்தது. மறு பங்கு அடுப்பை அணைத்தபின் போட்டு மூடி 20 நிமிடம். கொதியில் சாறும் காரமும் இறங்கும், மணம் ஆவியோடு போகும். உண்மையான பியரில் ஹொப்ஸ் பூவுக்கும் இதே முறைதான்: கசப்புக்கு முதலில், வாசத்துக்குக் கடைசியில்.

சீனியும் பனங்கட்டியும் கரைந்தபின் துணியில் வடித்தது. பனங்கட்டியின் அடியில் மண்ணும் சுண்ணாம்புப் பொடியும் எப்போதும் இருக்கும். பதநீர் புளிக்காமலிருக்க முட்டியில் சுண்ணாம்பு தடவுவார்கள், அது கட்டிக்குள்ளும் வரும், புளிப்பைக் குறைக்கும். அதனால் பனங்கட்டி சேர்த்தால் தேசிக்காயைக் கூட்டவேண்டும். ஆறும் பிழிந்தாயிற்று, ஆறியபின். புளிப்பை அளக்கும் பீஎச் தாள் 4க்குக் கீழே காட்டியது; எண் குறையக் குறையப் புளிப்புக் கூட. புளிப்புக் குறைந்தால் நூல்விடும் பற்றீரியாவுக்குக் கொண்டாட்டம்.

சூடு 30 பாகைக்கு வந்ததும் வடித்த உறை 200 மில்லி. கழுவிய பிளாஸ்டிக் சோடாப் போத்தல்களில் நாலு விரல் இடம் விட்டு அடைத்தது: 1.5 லீற்றர் இரண்டு, அரை லீற்றர் இரண்டு. சாராயப் போத்தல் வேண்டவே வேண்டாம். அந்தக் கண்ணாடி அழுத்தத்துக்குச் செய்ததல்ல. வெடித்தால் சமையலறை முழுக்கச் சில்லு.

வேப்பம்பூ பரீட்சை ஒரு சின்னப் போத்தலுக்கு மட்டும். அரைத் தேக்கரண்டி பூவை 50 மில்லி சுடுதண்ணியில் மூன்று நிமிடம் ஊறவைத்து வடித்து விட்டது.

ஜூலை 9, புதன்

சமையலறை 33 பாகை. காலையில் போத்தலை அமத்தினால் விரல் உள்ளே போனது. பின்னேரம் பாதி இறுக்கம். சின்னப் போத்தலின் மூடியை இலேசாகத் திருகினால் சீறல், உடனே மூடல்.

ஜூலை 10, வியாழன்

எசல போயா, முழுநிலா நாள் லீவு. வீட்டில் ஆள் நிற்கிற நாளில் போத்தல் இறுகுமாறு பார்த்து அடைப்பது புத்தி. காலை ஆறு மணிக்கு நாலும் கல்லுப்போல, பெருவிரலால் அமத்தினால் குழி விழவில்லை. நேரே பிரிட்ஜுக்கு. மணிக்கணக்கை நம்பாமல் விரலை நம்பவேண்டும்; மழைக்காலத்தில் இதே சரக்கு இன்னொரு நாள் கூட எடுக்கும்.

கரண்ட் போய் நாலைந்து மணித்தியாலம் வராவிட்டால் போத்தலை மறுபடி அமத்திப் பார்க்கவேண்டும். சூடேறினால் ஈஸ்ட் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

ஜூலை 11, வெள்ளி

நன்றாகக் குளிர்ந்தபின் மூடியைக் கால் திருகு, நிறுத்து, மறுபடி. துருவல் துகள் உள்ளே நின்றால் குமிழெல்லாம் அதைப் பிடித்துப் பொங்கும். துணியில் வடித்ததன் பலன் இங்கே தெரிந்தது.

பனங்கட்டி வாசம் முன்னுக்கு, காரம் தொண்டையில். கராம்பு நாலு அதிகம்: இரண்டு போதும். வேப்பம்பூப் போத்தல் முதல் வாயில் விசித்திரம், இரண்டாம் வாயில் சரி. பின்நாக்கில் மெல்லிய கசப்பு நின்று இனிப்பை வெட்டுகிறது. ஆனால் சீனி குறையக் குறையக் கசப்பு மேலே வரும், வைத்துக் குடிக்கிற சரக்கல்ல.

இந்த இறுக்கத்தில் மதுசாரம் ஒரு வீதமளவு வரும். குறைவுதான், இல்லையென்று சொல்ல முடியாது. அயலில் கொடுக்கும்போது புளிக்கவைத்தது என்று சொல்லிக் கொடுப்பதே முறை. பிள்ளைகளுக்குத் தேசிக்காய்த் தண்ணி இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

கடைசிப் பெரிய போத்தல். பிரிட்ஜிலும் மெதுவாக நொதித்திருக்கிறது: இனிப்புக் குறைவு, வாயு கூட. ஒரு கிழமைக்குமேல் வைக்கக்கூடாது.

அடுத்த தடவைக்கு: கராம்பு இரண்டு, பனங்கட்டி 250 கிராம், அதற்கேற்றபடி சீனி 190. வேப்பம்பூ கால் தேக்கரண்டி போதும். உறை மூடிய போத்தலில் பிரிட்ஜில், கிழமைக்கு ஒரு கரண்டி இஞ்சி, ஒரு கரண்டி சீனி. வடித்த சக்கையில் தோசி (சீனிப்பாகில் காய்ச்சும் இனிப்பு) காய்ச்ச நினைக்க வேண்டாம், சாறெல்லாம் இறங்கிவிட்டது. வாழையடிக்குப் போகட்டும்.