42-ஆம் இடமா?

ஜூன் 7, சனி

தங்கச்சி கிடாரில் ஆஸ்திரேலியப் பாடகி நட்டாலி இம்ப்ரூலியாவின் 'டோர்ன்' பழகுகிறாள். மூன்று நாளாக வீடு முழுக்க அதே பாட்டுதான், எனக்குச் சலிக்கவே இல்லை. "அமெரிக்காவில இது எத்தனாவது இடம்ணா?" என்று கேட்டாள். முதலிடமாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, சரி பார்ப்போமே என்று அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் தேடினால் 42. மறுபடி பார்த்தேன். 42 தான்.

ஜூன் 8, ஞாயிறு

ராத்திரி வெகுநேரம் படித்ததில் காரணம் பிடிபட்டது. 1998-ல் அமெரிக்க வானொலிப் பட்டியலில் இந்தப் பாட்டு 11 வாரம் முதலிடத்தில் இருந்திருக்கிறது, ஆனால் கடையில் சிங்கிளாக, அதாவது ஆல்பம் இல்லாமல் தனியாக, விற்பனைக்கு வராத பாட்டுக்கு அன்றைய ஹாட் 100-ல் இடமே கிடையாது. ஒரு பாட்டு வேண்டுமென்றால் முழு ஆல்பத்தையும் வாங்கட்டும் என்று கம்பெனிகள் பெரிய ஹிட்களைச் சிங்கிளாக விடாமல் வைத்திருந்த காலம் அது. 1998 டிசம்பரில் விதி மாறி, வானொலியில் மட்டும் ஓடும் பாட்டும் உள்ளே வரலாம் என்றானபோது 'டோர்ன்' ஓடி முடித்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இறக்கத்தில் கிடைத்ததுதான் 42. நோ டவுட் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' கதை இதைவிடக் கொடுமை: வானொலியில் 16 வாரம் முதலிடம், ஹாட் 100-ல் பெயரே இல்லை. இது அநியாயம் இல்லையா?

ஜூன் 10, செவ்வாய்

பிரிட்டனிலும் 'டோர்ன்' முதலிடத்தைத் தவறவிட்டிருக்கிறது. 1997 நவம்பரில் அக்வா குழுவின் 'பார்பி கேர்ள்' மேலே உட்கார்ந்திருக்க, இது இரண்டாம் இடத்தோடு நின்றது. ஆனாலும் அங்கே 10 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

இது முதலில் நட்டாலியின் பாட்டே இல்லை என்றதும் தங்கச்சி நம்பவில்லை. எழுதியவர்கள் ஸ்காட் கட்லர், ஆன் ப்ரெவன், ஃபில் தோர்னாலி. 1993-லேயே லிஸ் சோரன்சன் டேனிஷ் மொழியில் பாடிவிட்டார், 1995-ல் கட்லரும் ப்ரெவனும் தங்கள் எட்னாஸ்வாப் குழுவில் பதிவு செய்தார்கள், அப்புறம்தான் தோர்னாலி தயாரிப்பில் நட்டாலி. எட்னாஸ்வாப் பதிவைப் போட்டுக் காட்டினேன். கனமாக, கரடுமுரடாக இருந்தது, அவளுக்கு அதுவும் பிடித்துவிட்டது. நட்டாலி பாடும்போது அதே வலி லேசாக, நடந்துகொண்டே பேசுவது போல வருகிறது, எனக்கு அதுதான் உயிர்.

கடைசியில் வரும் ஸ்லைடு கிடார் மட்டும் அவளுக்கு இன்னும் கைவரவில்லை. ஞாயிறு மறுபடி உட்காரப் போகிறோம்.