மல்லிக்கு இனி அருகம்புல்தான்

எங்க வீட்டு முயல் மல்லி போன வாரம் ஒரு ராத்திரி முழுக்க எதையும் தொடல. விடிஞ்சு பாத்தா கூண்டுல ஒரு புழுக்கைகூட இல்ல. வயிறு இறுகிக் கெடந்துச்சு. மூலையில குறுகி உக்காந்து பல்லை நறநறன்னு கடிச்சுக்கிட்டிருந்தா. முயல் வலியை அப்படித்தான் காட்டும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அரை நாள் சாப்பிடலன்னாலே முயலுக்கு உயிராபத்து, குடல் இயக்கமே நின்னுடும். நல்லவேளை, உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினோம், பொழச்சுக்கிட்டா.

தப்பு எங்களோடது. பாசத்துல தினமும் ரெண்டு கேரட், டீயோட பிஸ்கட். கேரட்ல சர்க்கரை அதிகம். வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் சின்னத் துண்டு போதும். பிஸ்கட் கூடவே கூடாது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கும் அப்படித்தான்.

முயலோட பல்லு ஆயுசுக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும். நார்ப்புல்லை அரைச்சு அரைச்சு மென்னாத்தான் தேயும். அதனால சாப்பாட்டுல முக்காவாசிக்கு மேல புல்லுதான். புதுச்சேரியில அருகம்புல்லுக்கா பஞ்சம்? மணக்குள விநாயகர் கோயில் பக்கம் கட்டுக் கட்டா கிடைக்குது. ரெண்டு தண்ணியில அலசி, ஈரம் போக உதறி வைக்கிறேன். ஒரு இழையை நுனியில பிடிச்சு, மீசை துடிக்கத் துடிக்க உள்ள இழுக்கிறா பாருங்க, அவ்வளவு நிம்மதி. கூட ஒரு பிடி கொத்தமல்லி, முள்ளங்கி இலை.

காய்ஞ்ச புல் புதுச்சேரி, கடலூர் பக்கம் எங்க கிடைக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.