பேசக்கூடாத நாட்கள்

நவம்பர் 4, செவ்வாய்

தொண்டைக்காக டாக்டர் சொல்லிவிட்டார், பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். சிலேட்டு வாங்கிவரச் செய்து எழுதிக் காட்டுகிறேன். அம்மா கண்ணாடி போடாமல் படிக்க மாட்டாள். கண்ணாடி எங்கே என்று என்னிடமே கேட்கிறாள்.

நவம்பர் 5

என் கணக்கு வகுப்பில் முக்கோணவியல் பாதியில் நிற்கிறது. அளவியலைத் தொடவே இல்லை. அரையாண்டுக்குள் யார் முடிப்பார்கள்?

நவம்பர் 6, வியாழன்

'சாட்டை' மறுபடி பார்த்தேன். 2012இல் வந்தபோது எங்கள் ஸ்டாஃப் ரூமே இரண்டு கட்சியாகிச் சண்டை போட்ட படம். சமுத்திரக்கனி மாற்றலில் வந்து இறங்குகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். அந்தத் தொண்டை எப்படித் தாங்குகிறது என்பதுதான் இப்போது என் கவலை.

நம் படங்களில் வாத்தியார்கள் நோட்டு திருத்துவதில்லை. கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவு ஏற்ற சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்குப் போவதில்லை. ஒரு பேச்சு, ஒரு பாட்டு, பிள்ளைகள் திருந்திவிடுகிறார்கள். இந்தப் படத்தில் எனக்கு நிஜமாகத் தெரிவது தம்பி ராமையாவின் உதவித் தலைமையாசிரியர்தான். மிகைதான், ஆனால் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அவரில் கால்வாசியாவது ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்.

நவம்பர் 7

அம்மாவுக்காக 'பசங்க' போட்டேன். விராச்சிலைத் தெருக்களைப் பார்த்ததும், "நம்ம புதுக்கோட்டைப் பக்கம்" என்று உட்கார்ந்துவிட்டாள். பெயருக்குப் பின்னால் ஐ.ஏ.எஸ். போட்டுக்கொள்ளும் அன்புக்கரசுவைக் கண்டு எனக்குச் சிரிப்பு. சத்தமாகச் சிரிக்கவும் தடை. என் வகுப்பில் ஒருவன் டெஸ்ட் பேப்பரில் பெயருக்குக் கீழே எம்.எல்.ஏ. என்று எழுதியிருந்தான். கட்சி எது என்று சிவப்பு மையில் கேட்டு அனுப்பினேன். அடுத்த டெஸ்டில் 'சுயேச்சை' என்று பதில் வந்தது. கணக்கு மட்டும் வரவில்லை.

நவம்பர் 8

ஆஸ்பத்திரியிலிருந்து தொண்டைப் பரிசோதனை ரிசல்ட் இன்னும் வரவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. மின்சாரம் போய் வந்து, போய் வந்து, ஒரு வழியாக 'நாட் ஒன் லெஸ்' பார்த்து முடித்தேன். சீன இயக்குநர் சாங் யிமோ எடுத்தது, 1999இல் வெனிஸ் திரைவிழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது.

பதிமூன்று வயதுப் பெண் ஒரு மாதத்துக்கு மாற்று ஆசிரியை. ஊருக்குப் போகும் வாத்தியார் 26 சாக்பீஸை எண்ணிக் கொடுக்கிறார், நாளைக்கு ஒன்று. எழுத்து பெரிதாக இருந்தால் சாக்பீஸ் வீண், சிறிதாக இருந்தால் பிள்ளைகள் கண் கெடும், பார்த்து எழுது என்கிறார். பி.எட்.டில் எனக்கு யாரும் இப்படி உருப்படியாக ஒன்றைச் சொல்லித்தரவில்லை. அப்புறம் ஒரு தள்ளுமுள்ளில் அத்தனை சாக்பீஸும் காலில் மிதிபடும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வீட்டில் என் கைப்பைக்குள் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். தேடினேன், இருக்கிறது.

ஒரு பையன் படிப்பை விட்டு நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறான். அவள் தேடிக் கிளம்புவது, முதலில், பாசத்தால் அல்ல. ஒரு பிள்ளையும் குறையாமல் இருந்தால்தான் பேசிய சம்பளத்துக்கு மேல் பத்து யுவான் கிடைக்கும். எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது. பஸ் காசுக்காகச் செங்கல் சுமக்கிறார்கள். ஒரு கல்லுக்கு எவ்வளவு, எத்தனை கல், போகவர எவ்வளவு என்று கரும்பலகையில் போட்டுப் பார்க்கிறார்கள். ஊர்த் தலைவர் எட்டிப் பார்த்து, பரவாயில்லையே, கணக்கு நடத்துகிறாளே என்று மகிழ்கிறார். நான் பார்த்த படங்களிலேயே நல்ல கணக்கு வகுப்பு இதுதான்.

நவம்பர் 11

சக டீச்சரின் வாட்ஸ்அப்: "உங்க எம்.எல்.ஏ. போன வாரத்திலிருந்தே வரலை."

நவம்பர் 12

காய்ச்சலாக இருக்கும்.

அல்லது பாட்டி வீடு. தீபாவளிக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தான்.

நவம்பர் 13, வியாழன்

தூக்கம் வராமல் ஈரான் இயக்குநர் கியாரோஸ்தமியின் 1987 படம், நண்பனின் வீட்டைத் தேடிப் போகும் சிறுவன் அகமதுடையது. நோட்டில் எழுதாமல் தனித்தாளில் எழுதி வந்ததற்காக வாத்தியார் அந்த நண்பனின் தாளைக் கிழிக்கிறார், இன்னொரு முறை என்றால் பள்ளியை விட்டே நீக்கம் என்கிறார். அன்று நண்பனின் நோட்டு தவறுதலாக அகமதின் பைக்குள் வந்துவிடுகிறது. அதைக் கொடுக்கத்தான் அந்தப் பிள்ளை மேட்டிலும் பள்ளத்திலும் ஓடுகிறான். அம்மாவும் கேட்கவில்லை, தாத்தாவும் கேட்கவில்லை. படம் முழுக்கப் பெரியவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அவன் சொல்வது ஒருவர் காதிலும் விழவில்லை. அந்த வாத்தியாரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியவில்லை. ஒழுங்கு வர வேண்டும் என்றுதான் அவரும் நினைக்கிறார். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம்.

எம்.எல்.ஏ. இன்றும் வரவில்லை.

நவம்பர் 14

குழந்தைகள் தினம். ஹைடெக் லேபில் பிள்ளைகளுக்குப் படம் போட்டார்களாம். என்ன படம் என்று கேட்டு அனுப்பினேன். சாப்பாட்டு போட்டோதான் வந்தது.

நவம்பர் 15, சனி

'தி கிளாஸ்', பிரெஞ்சு, 2008இல் கான் திரைவிழாவின் தங்கப் பனை. ஆசிரியராக நடிப்பவர் ஆசிரியராக இருந்தவர், மூலப் புத்தகத்தை எழுதியவரும் அவரே. இவரும் பேசுகிறார், ஆனால் ஒவ்வொரு பேச்சுக்கும் பிள்ளைகளிடமிருந்து எதிர்ப்பேச்சு வருகிறது. கோபத்தில் ஒரு சொல் விட்டுவிட்டு, அதை எப்படி எப்படியோ சமாளிக்கிறார். கடைசி நாளில், எல்லோரும் போனபின், அதுவரை கண்ணில் படாத ஒரு பெண் வந்து, இந்த ஆண்டு முழுக்க நான் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை என்கிறாள். அவரிடம் பதில் இல்லை. சமாதானம் மாதிரி ஏதோ சொல்கிறார். நம் ஊரில் இப்படி ஒரு காட்சி எழுதினால் தயாரிப்பாளர் அந்தப் பெண்ணுக்கு மாநில முதலிடம் வாங்கித் தரச் சொல்லியிருப்பார்.

நவம்பர் 17, திங்கள்

எம்.எல்.ஏ. பையனின் அப்பா எண்ணைப் பதிவேட்டிலிருந்து வாங்கினேன். நான் சிலேட்டில் எழுத, அம்மா பேசினாள்.

"என் மக உங்க பையனோட கணக்கு டீச்சர். அவ பேசக் கூடாது, அதான் நான் பேசுறேன்."

பையன் திருப்பூரில் மாமா வீட்டில் இருக்கிறான். பனியன் கம்பெனி. பொங்கலுக்கு வருவானாம். 'அரையாண்டு மட்டும் எழுதட்டும்' என்று எழுதிக் காட்டினேன். அம்மா அதை விட்டுவிட்டு, "பதினஞ்சு வயசுப் பிள்ளைய வேலைக்கு அனுப்ப உங்களுக்கு எப்படிய்யா மனசு வந்துச்சு" என்று ஆரம்பித்து, கடன், வட்டி, அவர் கால் முறிவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் அவரோடு சேர்ந்து அழுதாள். சிலேட்டை நான் அழித்து அழித்து எழுதியதுதான் மிச்சம். ஆனாலும் மாமாவின் நம்பரை வாங்கிவிட்டாள்.

நவம்பர் 18

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ரிசல்ட் வந்துவிட்டதாம், போனில் சொல்ல மாட்டார்களாம், பன்னிரண்டு மணிக்குள் நேரில் வரச் சொல்கிறார்கள். திருப்பூர் நம்பர் ஒன்பதிலிருந்து பிஸியாகவே இருக்கிறது. ஆட்டோவில் போகும்போது அம்மாவை மறுபடி போடச் சொல்ல வேண்டும்.