ஒரு ஜிபி சர்வரில் பேக்கேஜ் நிறுவல் நின்றுபோனால்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் ஓடும் மாதங்களில் எடைமேடை ரசீது மென்பொருள் அரைமணி நேரம் படுத்தாலே, பெங்களூரா காய் ஏற்றி வந்த டிராக்டர்கள் வாசலைத் தாண்டி வரிசை கட்டிவிடும். ரசீது போட 1 ஜிபி ரேம், 25 ஜிபி டிஸ்க் உள்ள சின்ன கிளவுட் சர்வர் தாராளம். ஆனால் அதில் புதிதாக ஒரு பேக்கேஜைப் போடும்போதுதான் மூச்சுத் திணறும். பழியைப் பேக்கேஜ் மேல் போடாமல் முதலில் சர்வரைப் பாருங்கள்.

உங்கள் பைத்தான் பதிப்புக்கு ஏற்ற வீல் (முன்கூட்டியே கட்டித் தயாராக வைத்த பேக்கேஜ்) கிடைக்காவிட்டால், பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்யத் தொடங்கும். ரேம் தீர்ந்ததும் இயங்குதளத்தின் மையமான கெர்னல், ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொல்லும். திரையின் கடைசி வரி 'வீல் கட்ட முடியவில்லை' என்றுதான் சொல்லும். உண்மையான காரணம் பல வரிகளுக்கு மேலே 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்லாகக் கிடக்கும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடினால் பலியானது எது என்று தெரியும். அதிக நினைவகம் பிடித்திருப்பதைத்தான் கெர்னல் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் என்பதால், கம்பைலர் தப்பித்து, ரசீதுத் தரவுகளை வைத்திருக்கும் மைஎஸ்க்யூஎல் சாவதும் உண்டு. ரசீது நிற்பது அப்போதுதான்.

இதற்கு மருந்து ஸ்வாப், அதாவது ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம். எஃப்அலொகேட் கொண்டு 2 ஜிபி ஃபைல் உருவாக்கி, அனுமதியை 600 ஆக்கி, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன் என இரண்டையும் ஓட்டுங்கள். பூட் ஆகும்போது படிக்கப்படும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி சேர்க்காவிட்டால் அடுத்த ரீபூட்டில் ஸ்வாப் காணாமல் போய்விடும். வரியைச் சேர்த்த கையோடு ஸ்வாப்ஆஃப் செய்துவிட்டு, 'ஸ்வாப்ஆன் -ஏ' கொடுத்துச் சரிபாருங்கள்.

டிஸ்க் விஷயம் எளிது. மிச்ச இடத்தைக் காட்டும் 'டிஎஃப் -ஹெச்' மட்டும் போதாது, ஐநோடுகளை (ஃபைலுக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவுகள்) எண்ணும் 'டிஎஃப் -ஐ'யும் பாருங்கள். பழைய கெர்னல் ஹெடர்களில் ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்கள் இருக்கும். ஜிபி மிச்சமிருந்தும் ஐநோடு தீர்ந்துபோகும். ஆப்ட் ஆட்டோரிமூவ் அவற்றைக் கழிக்கும்.

உபுண்டுவில் அதிகம் கெடுப்பது லாக் (ஒரு நேரத்தில் ஒரு நிறுவல்தான் ஓடலாம் என்ற பூட்டு) பிரச்சினையை அவசரத்தில் கையாளும் விதம்தான். 'லாக் கிடைக்கவில்லை' என்று வந்தவுடன் லாக் ஃபைலை அழிக்கச் சொல்வார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். பின்னால் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். உபுண்டுவில் பேக்கேஜ்களைப் போடும் டிபிகேஜி இரண்டு ஒரே நேரத்தில் எழுதினால் நிறுவல் பதிவேடே குழம்பும். பிழைச்செய்தியிலேயே ப்ராசஸ் எண் இருக்கிறது. அது முடியும்வரை காத்திருங்கள். நடுவில் அறுந்துபோன நிறுவலுக்கு 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ', பிறகு 'ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்'. வரிசை இதுதான். அதன்பின் 'டிபிகேஜி -எல்' பட்டியலில் 'ஐஎஃப்', 'ஐயூ' என்று (நிறுவல் பாதியில் நிற்பதன் குறியோடு) தொடங்கும் வரி ஒன்றும் மிஞ்சக்கூடாது.

அந்த அப்டேட் ஏன் சரியாக வேலை நேரத்தில் வருகிறது? டைமர் காலை 6 மணிக்கு, ஒரு மணி நேரம்வரை தாமதித்து ஓடும்படி வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கிளவுட் சர்வரின் கடிகாரம் வழக்கமாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். அங்கே காலை 6 என்றால் நமக்கு 11.30; எடைமேடையில் நெரிசல் உச்சத்தில் இருக்கும் வேளை. டைம்டேட்சிடிஎல் கட்டளையால் நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று மாற்றினால் வண்டிகள் வருவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். மாற்றியதும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் சேவையை மறக்காமல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லையென்றால் அது யூடிசியையே பிடித்துக்கொண்டு, இரவு 2 மணிக்கென்று எழுதிய பேக்கப்பைக் காலை 7.30க்கு ஓட்டும்.