இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே

நாலுவழிச்சாலையில் பைக் விபத்து. என் மகனுக்கு 21 வயது. மதுரை பெரியாஸ்பத்திரியில், மூளைச்சாவா என்று பரிசோதிக்கப் போவதாகச் சொன்னார்கள். வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது. இவனைப் பார்த்து என்ன பேச்சு பேசுகிறீர்கள் என்று சத்தம் போட்டேன்.

மூத்த டாக்டர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். கண்ணில் வெளிச்சம் அடித்தால் கண்பாப்பா சுருங்குகிறதா, தொண்டையில் குழாய் பட்டால் இருமுகிறானா என்று பார்ப்பார்கள். கடைசியாக, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து வென்டிலேட்டரைக் கழற்றுவார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, உயிருள்ள மூளை மூச்சு விட வைத்துவிடும். அவன் மூச்சு விடவில்லை. குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுபடியும் எல்லாம் பார்த்து, நாலு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பிறகுதான் உறுப்பு தானம் பற்றிக் கேட்டார்கள். படிவம் 8-ல் நானும் வீட்டுக்காரரும் ஒப்புதல் கொடுத்தோம். உறுப்பு தானம் செய்தவர்களுக்குத் தமிழக அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தபடி, அரசு மரியாதையோடு தகனம் நடந்தது.

“உன் பிள்ளை பல பேருக்குள்ள வாழுறான்” என்றார்கள். கொடுத்ததில் எனக்கு இன்றும் நிறைவுதான். ஆனால் அந்த வார்த்தை என்னைத் தேற்றவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் நொறுங்கிக் கிடந்த வண்டிக்கு மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு ரசீதும் அவன் பேரில் வரும்.

ஒருநாள் ஆஸ்பத்திரியின் உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். “ஒரு அம்மா நீங்க கேட்ட மாதிரியே கேக்குறாங்க. வந்து பேசுறீங்களாக்கா?”

போனேன். “கை சூடா இருக்கேக்கா” என்றாள் அந்தப் பெண். “என் பையனுக்கும் சூடாத்தாம்மா இருந்துச்சு” என்றேன். வராந்தாவில் உட்கார்ந்து, டாக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் மெதுவாகச் சொன்னேன். அவர்கள் தானம் கொடுக்கவில்லை. போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடலை வாங்கும்வரை கூடவே இருந்தேன். தானத்தைப் பற்றி நானாக வாயெடுப்பதில்லை. கொடு என்று ஒரு தாயை நெருக்க யாருக்கும் உரிமை கிடையாது. பிள்ளைக்கு என்ன ஆனது என்பது அவளுக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான்.

கூப்பிடும்போதெல்லாம் போகிறேன். போக வேண்டாம் என்று தடுத்த வீட்டுக்காரரே இப்போது பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விடுகிறார். போய்வந்த இரவு தூக்கம் பிடிக்காது. ஆனால் காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறேன். முதல் வருஷம் அதுகூட முடியாமல் கிடந்தவள் நான்.