கடலில் நீந்திப் பழகினவர்கள் தடாகத்தில் இறங்க முதல்

நிலாவெளி, உப்புவெளிக் கடலில் பழகிவிட்டு தேசிய மாஸ்டர்ஸ் (25 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான) நீச்சல் போட்டிக்கு ஆயத்தமாகிற அண்ணாமார், அக்காமாருக்கு.

உப்புத்தண்ணி ஆளைத் தூக்கிப் பிடிக்கும். தடாகத்தில் இடுப்பும் காலும் தாழும், தலையை நிமிர்த்தினால் இன்னும் தாழும். பார்வை அடித்தளத்தில் இருக்கட்டும். கடலில் சுவரும் இல்லை. 50 மீற்றர் தடாகத்தில் 200 மீற்றருக்கு மூன்று தரம் திரும்ப வேணும், நேரம் கரைவது அங்கேதான்.

மார்பு நீச்சலில் மிகக் கவனம் தேவை. திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில், ஒன்றின்மேல் ஒன்று இல்லாமல், சுவரில் பட வேணும். களைத்த நேரம் ஒரு தோள் சரியும், அந்தக் கை பிந்தும், அவ்வளவுதான், தகுதிநீக்கம். சுவருக்கு 5 மீற்றர் முன்னால் கொடி தொங்கும். அதிலிருந்து சுவருக்கு எத்தனை கைவீச்சு என்று பயிற்சியிலேயே எண்ணி வையுங்கோ. தூரம் கொஞ்சம் மிஞ்சினால் அரை வீச்சு போடாமல் கையை நீட்டி வழுக்குங்கோ.

முழங்கால், முதுகு நோ உள்ளவர்கள் மேடையில் இருந்து பாயத் தேவையில்லை. மாஸ்டர்ஸில் தண்ணிக்குள் நின்றே தொடங்கலாம். பட்டர்பிளை (வண்ணத்துப்பூச்சி) நீச்சலில் மார்பு நீச்சல் உதையும் ஆகும், ஒரு கைவீச்சுக்கு ஒன்று மட்டும்.

பாய்கிறவர்கள் நீச்சல் கண்ணாடியின் பட்டியைத் தொப்பிக்கு அடியில் போடுங்கோ. பாயும்போது நாடியை உள்ளே இழுங்கோ, முகம் முன்னுக்கு நிமிர்ந்தால் கண்ணாடி கழன்று வாய்க்கு வந்திடும்.

வயதுப் பிரிவு 25இல் தொடங்கி ஐந்தைந்து ஆண்டாகப் போகும். போட்டி ஆண்டின் டிசம்பர் 31இல் உள்ள வயதைத்தான் விண்ணப்பத்தில் எழுத வேணும்.